முள்ளில்லாத கள்ளி

அவர் என்னை முதன்முதலில் திடுக்கிட வைத்தது ஒரு வெறுங் கிண்ணத்தால். கனடாவின் ஸ்காபரோவில் நாங்கள் இருந்த கட்டடத்தின் பதினோராம் மாடியில், எங்கள் வீட்டுக்கு எதிர்க் கதவில் அவர் குடிவந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஐம்பதைத் தாண்டிய தனி ஆள். மனைவியும் மகளும் கொழும்பில். பாவம் என்று நினைத்துச் சோறும் மீன்குழம்பும் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பாடு வந்த பாத்திரத்தை எங்கள் ஆட்கள் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை, ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். அவரோ அடுத்த நாள் கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் நீட்டினார்.

“திருப்பித் தர என்னட்டை ஒண்டும் இல்லைத் தங்கச்சி,” என்றார். “குழம்பிலை புளி கூடிப்போச்சு. மீனும் பழசு. இனி எனக்குத் தரவேண்டாம்.”

நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். எங்களோடு இருந்த என் மாமியார்கூட என் சமையலைப் பற்றி அஜக்ஸில் இருக்கும் மகளிடம் தொலைபேசியில்தான் சொல்வார், முகத்துக்கு நேரே சொன்னதில்லை. மீன் பழசு என்பது உண்மை. அது எனக்கும் மீனுக்கும் மட்டுமே தெரியும் என்று நினைத்திருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள். எல்லோருக்கும் ஒருவரை ஒருவர் தேவை, அதனால் எல்லோரும் கொஞ்சம் பொய் சொல்லித்தான் சீவித்தோம். சாறி வடிவு, பிள்ளை கெட்டிக்காரன், வீடு விசாலம். இவர் ஒருவர்தான் அந்தக் கணக்கில் சேரவில்லை. என் கணவர் ஒரு பழைய கார் வாங்கி, அதைக் கழுவி மினுக்கி, இவர் உட்பட நாலு பேரைக் கூட்டிவந்து காட்டினார். மற்ற மூன்று பேரும் கை குலுக்கினார்கள். இவர் குனிந்து கீழே பார்த்துவிட்டு, “நல்லா ஏமாத்திப் போட்டாங்கள் தம்பி,” என்றார். என் கணவர் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் 401 நெடுஞ்சாலையில், அஜக்ஸுக்குப் போகும் வழியில், கார் புகைவிட்டு நின்றது. அதற்குப் பிறகு ஒரு மாதம் பேசவில்லை.

அவருடைய அகதி விசாரணைக் கதை கட்டடம் முழுவதற்கும் தெரியும். முழங்கைக்குக் கீழே அவருக்கு ஒரு நீளமான தழும்பு. அதைக் காட்டச் சொல்லி ஆலோசனை சொன்னவர்கள் அரை டசின் பேர். விசாரணை அறையில், இது இராணுவம் அடித்த காயமா என்று கேட்டிருக்கிறார்கள். “இல்லை, கிணத்துக்கட்டிலை வழுக்கி விழுந்தனான். ஆமி என்ரை வீட்டை எரிச்சது. அதுக்கு என்னட்டைக் காயம் ஒண்டும் இல்லை,” என்று இவர் சொல்லியிருக்கிறார். வழக்கறிஞர் கண்ணை மூடிக்கொண்டாராம்.  ஆனால் இவருக்கு அகதி அந்தஸ்து கிடைத்துவிட்டது. தழும்பைக் காட்டிய சிலருக்குக் கிடைக்கவில்லை.

வேலையும் அப்படித்தான் நிலைத்தது. மில்லிக்கன் பக்கம், ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் வீட்டுக்குப் பின்னால் பெரிய கண்ணாடிக் கூடு இருந்தது. உள்ளே முழுக்கக் கள்ளிச் செடிகள். கூட்டிப் பெருக்குவதும் சட்டி மாற்றுவதும் தண்ணீர் விடுவதும் இவர் வேலை. சேர்ந்த முதல் கிழமையே ஒரு சட்டியை உடைத்துவிட்டார். முன்பு வேலை செய்தவர்கள் உடைந்ததைச் சட்டிகள் வைக்கும் வாங்குக்குக் கீழே தள்ளிவிடுவார்களாம். இவர் ஓடுகளைக் கையில் ஏந்திக்கொண்டு நேரே கிழவரின் குசினிக் கதவைத் தட்டி, “நான்தான் உடைச்சன்,” என்றாராம். அன்றைக்கே கிழவர் கண்ணாடிக் கூட்டின் பூட்டுத் திறப்பை அவர் கையில் கொடுத்துவிட்டார்.

அந்தக் கள்ளிகளுக்குள் ஒன்றைப் பற்றி மட்டும் அவர் பேசுவார். மற்றபடி லிஃப்ற்றில் மழையைப் பற்றிக்கூடப் பேசாத மனிதர், அதைப் பற்றி என்றால் பதினொரு மாடிக்கும் பேசுவார். மெக்சிக்கோவில் ஆட்டுக்குட்டிகூட ஏற முடியாத மலைகளாம். வெறும் பாறை, கீழே பாலைவனம். அந்தப் பாறை வெடிப்புகளுக்குள் மட்டும்தான் அந்தச் செடி முளைக்குமாம். உலகத்தில் வேறு எங்கேயும் இல்லை. கிழவரின் தகப்பன் அந்தக் காலத்தில் கயிறு கட்டி இறங்கி எடுத்து வந்தது. இப்போது அங்கே ஒரு விதைகூடத் தொடக்கூடாது என்று சட்டம். மலையிலேயே சில வெடிப்புகளில்தான் மிஞ்சியிருக்கிறதாம்.

“என்ன அண்ணை, பெரிய முள்ளோ?” என்று ஒருநாள் கேட்டேன்.

“முள்ளே இல்லை. உம்மையும் என்னையும்விட வயசு கூட. தேங்காய் அளவுதான் வளந்திருக்கு. பனிக்காலத்திலை ஒரு சொட்டுத் தண்ணி காட்டக்கூடாது. பாவம் பாத்து ஊத்தினால், சரி, செத்துப்போகும்.”

தை மாதத்தில், பனி மூடிய ஒரு வாரத்தில், கண்ணாடிக் கூட்டின் வெப்பக்கலன் பழுதாகிவிட்டது. திருத்துவதற்குச் சாமான் வர மாசி முடியும் என்றார்களாம். கிழவர் செடிகளைத் தெரிந்தவர்கள் வீடுகளுக்குப் பிரித்து அனுப்பினார். அந்த ஒன்றை யாரிடமும் கொடுக்க மனம் வராமல் இவரிடம் கொடுத்தார். இவர் அதைத் தன் மேலங்கிக்குள் வைத்துப் பொத்தி, பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்தார்.

அதே நேரத்தில்தான் மனைவியையும் மகளையும் கூப்பிடுகிற அலுவலும் ஒரு கட்டத்துக்கு வந்திருந்தது. குடிவரவுக் கந்தோரில் எல்லாப் பத்திரமும் சரி, நிரந்தர வேலை என்று முதலாளியின் கடிதம் ஒன்று மட்டும் வேண்டும் என்றார்கள். கிழவர் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அறைக்குள் ஆறு வருடமாக இருந்த இரண்டு உயிர்களுக்கும் கனடாவுக்கும் இடையில் அந்த ஒரு தாள்தான் மிச்சம்.

பத்து நாள் கழித்து மொன்றியலில் இருந்து தொலைபேசி வந்தது. அவருடைய தமையன் இறந்துவிட்டார். ஆண்பிள்ளை இல்லாத மனிதர், கொள்ளி வைப்பதும் இவர்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை அங்கே நிற்கவேண்டும். பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் இருக்கும்போது என் கதவைத் தட்டினார். கையில் அந்தச் சட்டி.

நான் அப்போதுதான் அதைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் வழுவழுப்பான ஒரு குமிழ். உடம்பு முழுக்கத் திருநீறு தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். கூழாங்கற்களுக்கு நடுவில் அசையாமல் இருந்தது.

“வெயில் படுற யன்னலிலை வையும். தண்ணி ஊத்தக்கூடாது. தொடக்கூடாது. ஒண்டுமே செய்யக்கூடாது,” என்றார். இரண்டு அடி போனவர் திரும்பி வந்து, “மாமியிட்டையும் சொல்லிவிடும்,” என்றார்.

“ஓம் அண்ணை, சொல்லுறன்.”

சொல்லவில்லை. அந்தக் கிழமை நானும் மாமியும் கதை பேச்சில்லை. நல்ல பிஸ்கற்றை எல்லாம் நான் ஒளித்துவைக்கிறேன் என்று மாமி அஜக்ஸுக்குச் சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. வெயில் படுகிற ஒரே யன்னல் மாமியின் அறையில், அதன் கீழேதான் அவருடைய சாமித்தட்டு. மாமி குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து உள்ளே போய், பிள்ளையாருக்கும் முருகனுக்கும் பக்கத்தில் சட்டியை வைத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டேன். நானாக முதலில் வாயைத் திறப்பதா? அவ்வளவு ரோசம்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பேரதிர்ச்சி. மாமி இஞ்சி போட்ட தேத்தண்ணியோடு வாசலில் நிற்கிறார். “களைச்சுப்போய் வாறாய் பிள்ளை, குடி,” என்கிறார். மறுநாள் அஜக்ஸுக்குத் தொலைபேசியில் என்னைப் புகழ்கிறார். என் தலைக்கு எண்ணெய் வைத்துவிடுகிறார். இப்படியே ஒரு கிழமை, இரண்டு கிழமை. ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒன்றுமே செய்யக்கூடாது என்றதால் அந்தச் சட்டியை எட்டிப் பார்க்கவும் இல்லை. வராத நிம்மதி வந்திருக்கிறது, அதைக் கிண்டிப் பார்க்க எனக்கென்ன விசரா? ஒவ்வொரு மாலையும் ஒரு சின்னச் செம்பில் தீர்த்தம் தந்தார். லேசாக மண் வாசம் அடித்தது. பக்தியோடு குடித்தேன்.

ஐந்தாவது வெள்ளிக்கிழமை மாலை, மாமி கண்ணீர் வழிய வாசலுக்கு ஓடிவந்தார்.

“பிள்ளை, சாமிக்கு வேர்க்குது!”

“எந்தச் சாமி மாமி?”

“நீ கொண்டுவந்து வைச்ச சிவலிங்கமடி!”

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் ஓடினேன். பித்தளைத் தாம்பாளத்தில் அந்தச் சட்டி. குமிழின் நெற்றியில் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம், உச்சியில் ஒரு வெள்ளைப் பூ. அடிப்பக்கத்தில் இருந்து துளித்துளியாக ஏதோ கசிந்துகொண்டிருந்தது. அறை முழுக்கப் பால் மணம். பாலுக்குக் கீழே வேறொரு மணமும் இருந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் தண்ணீர், திங்கட்கிழமைகளில் பால், வெள்ளிக்கிழமைகளில் பாலும் இளநீரும். மாலையில் நான் வருவதற்கு முன் எல்லாவற்றையும் துடைத்துத் துப்புரவாக்கி, விழுந்த தண்ணீரை எனக்குத் தீர்த்தமாக எடுத்துவைத்திருக்கிறார். கோபத்தில் இருந்த மருமகள் வாயால் சமாதானம் சொல்ல வெட்கப்பட்டு, தனக்கு லிங்கம் கொண்டுவந்து வைத்திருக்கிறாள் என்று அந்த மனுசி நம்பியிருக்கிறார்.

 மாமியிடம் உண்மையைச் சொல்லவேண்டும் என்று திரும்பினேன். அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவரோடு வாழ்ந்த நான்கு வருடத்தில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். அதற்குள் மாமி அஜக்ஸுக்கும் கீழ்மாடி இரண்டு வீடுகளுக்கும் செய்தி சொல்லியாகிவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை, கீழ்மாடிப் பெண்கள் இருவர் பூவும் வாழைப்பழமுமாக வந்துவிட்டார்கள். கற்பூரம் கொளுத்தி, மாமி கண்ணை மூடித் தேவாரம் பாடிக்கொண்டிருக்க, கதவு தட்டியது. ஞாயிற்றுக்கிழமை வரவேண்டிய மனிதர் ஒருநாள் முன்னதாகவே வந்து நிற்கிறார். தலை மொட்டை. தமையனுக்குக் கொள்ளி வைத்த தலை. முகம் பாதியாக வற்றியிருந்தது.

பாட்டுச் சத்தம் கேட்டு நேரே அறைக்குள் வந்தார். ஒருவரையும் விலக்கவில்லை. முழங்காலிட்டு, பூவை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பெருவிரலால் குமிழின் பக்கத்தை மெல்ல அழுத்தினார். விரல் முழுவதும் உள்ளே போனது. வெளியே எடுத்தபோது அதில் கபில நிறமாகக் கூழ் ஒட்டியிருந்தது. பெண்களில் ஒருத்தி “ஐயோ” என்று வாயைப் பொத்தினாள்.

“தண்ணி விட்டதோ?” என்று என்னிடம் கேட்டார்.

“இல்லை அண்ணை.”

அப்படிச் சொன்னேன். அந்த அறையில், அந்த மணத்துக்குள் நின்று, துக்க வீட்டிலிருந்து வந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். என் வாயா அது என்று எனக்கே திகைப்பாக இருந்தது.

“பால் மணக்குது,” என்றார். பிறகு எல்லோருக்கும் பொதுவாக, “உது செத்து நாலைஞ்சு நாள் இருக்கும். உது கள்ளி,” என்றார்.

மாமிக்கு விளங்கச் சில நொடிகள் பிடித்தன. “முள்ளைக் காணேல்லையே தம்பி,” என்றார். பிறகு சுவரோடு சாய்ந்து அப்படியே கீழே இருந்துவிட்டார். “சிவசிவா, நானோ சாக்காட்டினது? என்ரை கையாலையோ?” இவர் மாமியை வெகுநேரம் பார்த்தார். இந்த மனிதர் இப்போது சொல்லப்போகும் வார்த்தையில் மாமியின் மூச்சே நின்றுவிடும் என்று பயந்தேன். அவரோ சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். சொல்ல வந்ததைச் சொல்லாமல் அவர் போனதைக் கண்டது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. “நானும் வாறன் அண்ணை, நான் வந்து கிழவருக்கு எல்லாம் சொல்லுறன்,” என்றேன். “வாரும்,” என்றார். பஸ்ஸில், சட்டியை வைத்த மட்டைப் பெட்டி அவர் மடியில் இருந்தது. ஸ்ரீல்ஸ் வீதி வரும்வரை நான் சொல்லவேண்டிய ஆங்கிலத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். என் மாமியார் இதைக் கடவுள் என்று நினைத்துவிட்டார். பிழை என்னுடையது, நான் அவருக்குச் சொல்லவில்லை. இரண்டே வசனம்.

கிழவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். சின்னக் கத்தியால் குமிழை இரண்டாகப் பிளந்தார். உள்ளே முழுக்கக் கபிலம். தகப்பன் கயிற்றில் இறங்கி எடுத்து வந்தது.  மேசையில் ஒரு கடித உறை இருந்தது, மேலே இவருடைய பெயர் தட்டச்சில். வேலைக் கடிதம். எழுதி, கையெழுத்தும் வைத்து, இவர் வருவதற்காகக் காத்திருந்திருக்கிறார்.

“அந்த வீட்டில் யாராவது இந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்களா?” என்று கிழவர் கேட்டார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். 

“இல்லை. செடிக்கு ஒருவரும் தண்ணீர் ஊற்றவில்லை,” என்று தன் உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்.

என் காதுகளை என்னால் நம்ப முடியவில்லை. கையில் தழும்பை வைத்துக்கொண்டே கிணற்றுக்கட்டில் விழுந்தேன் என்று சொன்ன வாய்! கிழவர் சட்டிக்குள் இருந்த மண்ணை ஒரு பிடி எடுத்துப் பிழிந்தார். தண்ணீர் சொட்டியது. “செடிகள் சாகும். எத்தனையோ செத்திருக்கின்றன,” என்றார். “நீ உண்மை சொல்கிறவன் என்றுதான் இதை உன்னிடம் தந்தேன்.” கடித உறையை எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். பிறகு கையை நீட்டினார். இவர் தன் திறப்புக் கோர்வையில் இருந்து கண்ணாடிக் கூட்டின் திறப்பைக் கழற்றி அந்தக் கையில் வைத்தார்.

அந்த நொடியில் நான் பேசியிருக்கலாம். இரண்டு வசனம் போதும். பேசவில்லை. அதிர்ச்சியில் வாயடைத்துப் போனேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. அவர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார், நாங்கள் தப்பிவிட்டோம் என்று எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. இதைச் சொல்லாமல் அந்த மனிதரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

அந்தக் கடிதம் கிடைக்கவில்லை. பிறகு பிறம்ரனில் ஒரு கிடங்கில் வேலை எடுத்து, அங்கே நிரந்தரமாகி, எல்லாப் பத்திரத்தையும் புதிதாகப் போட்டு, அவருடைய மனைவியும் மகளும் வந்துசேர இன்னும் இரண்டு வருடம் ஆனது. கிழவரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு கிழமையும் நினைத்தேன். பனி கரைந்த பிறகு ஒருநாள் போனேன். கண்ணாடிக் கூடு வெறுமையாக இருந்தது. கிழவர் வீட்டை விற்றுவிட்டு மகளிடம் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை, திரும்பி வரும் பஸ்ஸில், இதெல்லாம் எனக்குத் தெரியாது. நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏன் அண்ணை பொய் சொன்னனீங்கள்?”

“ஆர் பொய் சொன்னது?” என்று என் பக்கம் திரும்பினார். “உம்மடை மாமி சாமிக்கு ஊத்தினவ. அங்கை ஒரு செடி இருக்கெண்டே அந்த மனுசிக்குத் தெரியாது. கும்பிட்ட மனுசியைப் பிடிச்சுக் குடுக்க என்னாலை ஏலாது. நான் என்ரை பங்கு உண்மையைச் சொன்னன். மிச்சம் சொல்லவேண்டியது நீர். நீர் சொல்லுவீர் எண்டுதான் உம்மைத் திரும்பிப் பாத்தனான்.”

பஸ் இரண்டு தரிப்பில் நின்று புறப்பட்டது. எனக்கு அழுகை வந்தது.

“என்னிலை கோவமோ அண்ணை?”

எங்கள் கட்டடத்தில் வேறு யாராக இருந்தாலும், சேச்சே, அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லியிருப்பார்கள். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

“ஓம்,” என்றார்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், தனக்குள் தேடிப் பார்ப்பதுபோல.

“ஏலாமல் கிடக்குத் தங்கச்சி,” என்றார். எட்டி மணிக்கயிற்றை இழுத்து, பஸ் நின்றதும் மொட்டைத் தலையோடு பனிக்குள் இறங்கி நடந்தார். எங்கள் கட்டடத்துக்கு இன்னும் ஆறு தரிப்பு இருந்தது.